நீர்பாய்ச்சியையே தடுத்தால்: விஜயலட்சுமி சாந்தகுமாரின் வலிப்பு ஆய்வுகள்

"ஏய்யா, அன்னைக்கே ஒரு மாத்திரை போட்டிருந்தா இவனுக்கு இது வந்திருக்காதுல்ல?"

சித்தி இதை என்னிடம் ஐந்தாறு முறையாவது கேட்டிருப்பார். சித்தி மகன் 2016-ல் திருச்சுழியில் இருந்து நரிக்குடிக்கு பைக்கில் வரும்போது விழுந்தான். ஹெல்மெட் இல்லை. சில மணி நேரம் நினைவில்லை. மதுரையில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், ஆபரேஷன் எதுவும் இல்லை. ஒன்றரை வருடம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் ஒருநாள் கண்மாய்க் கரையில் ஆடு பத்திக்கொண்டு போனவன் கை கால் வெட்டி விழுந்தான். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். (இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருந்தாலே போதும். அந்த வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நிற்கும்போது சாவிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.)

அந்த ஒன்றரை வருடத்தில் அவன் மண்டைக்குள் என்ன நடந்தது? இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. நான் டாக்டர் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருடமாக கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஆய்வுக் கட்டுரை படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு. தலைக்காயத்துக்குப் பிறகு வரும் வலிப்பு பற்றித் தேடும்போதெல்லாம் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: விஜயலட்சுமி சாந்தகுமார். 2000-ல் தொடங்கி இன்று வரை ஏறக்குறைய ஒரே மூளைப் பகுதியை விடாமல் தோண்டுகிறவர். அவருடைய கட்டுரைகளில் எனக்கு எட்டியவரை படித்தேன், ஒன்றின் நிரலை என் லேப்டாப்பில் ஓட்டியும் பார்த்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றி. பாராட்டும் இருக்கும், சண்டையும் இருக்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, நினைவுக்கு முக்கியமானது. அதற்குள் நுழையும் வாசல் டென்டேட் கைரஸ். கார்ட்டெக்ஸில் இருந்து கொட்டுகிற தகவல் எல்லாம் இந்த வாசலில் வடிகட்டப்பட்டு, கொஞ்சமே உள்ளே போகும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், இது கண்மாய் மடை. மடை எப்போதும் திறந்து கிடந்தால் வயல் அழியும், திறக்கவே இல்லை என்றால் பயிர் கருகும். எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறப்பது என்று பார்த்துக்கொள்ள ஊரில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். டென்டேட்டில் அந்த வேலையைச் செய்வது தடுப்பு நியூரான்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவு. எலியின் டென்டேட்டில் கிரானுல் செல்கள் ஏறக்குறைய பத்து லட்சம் என்றால், அவற்றைக் கட்டுப்படுத்தும் பாஸ்கெட் செல்கள் பத்தாயிரம் அளவில்தான். ஆனால் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான செல்களின் கழுத்தில் கை வைத்திருக்கும். அவை பயன்படுத்தும் ரசாயனம் காபா.

இந்த காபா கதையில் ஒரு வேடிக்கை உண்டு. மூளையில் காபா இருப்பது 1950-ல் தான் தெரியவந்தது. ஆனால் காபாவின் வேலையைக் கூட்டித் தரும் பீனோபார்பிட்டால் மாத்திரை வலிப்புக்குக் கேட்கும் என்று ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் 1912-லேயே சொல்லிவிட்டார். மருந்து முதலில், காரணம் நாற்பது வருடம் கழித்து. மலிவான அதே பழைய மாத்திரையை வைத்துக்கொண்டு கர்நாடகத்து எளந்தூர்ப் பக்கக் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் செய்த ஆய்வு 2001-ல் லான்செட்டில் வந்தது. பீனோபார்பிட்டாலோ பீனிட்டாயினோ ஒழுங்காகக் கொடுத்தாலே கிராமத்தில் வலிப்பைப் பெருமளவு அடக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அப்படியென்றால் எலியின் மூளைத் துண்டில் ஊசி குத்திக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் இதுதான்: அந்த மாத்திரைகள் எல்லாம் வந்த வலிப்பை அடக்குகின்றன. வராமல் தடுப்பதில்லை. சித்தி கேட்டது வராமல் தடுப்பதைப் பற்றி.

இப்போது சாந்தகுமாரின் வேலைக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் அர்வைனில் இவான் சொல்தேஸின் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்த காலம் அது. அப்போது களத்தில் செல்வாக்கோடு இருந்தது ராபர்ட் ஸ்லோவிட்டரின் 'உறங்கும் பாஸ்கெட் செல்' கருதுகோள். டென்டேட்டில் மாஸி செல் என்று ஒரு வகை. அடி பட்டாலோ வலிப்பு வந்தாலோ முதலில் சாகிறவை அவைதான். அவை செத்தால் பாஸ்கெட் செல்லைத் தட்டியெழுப்ப ஆள் இல்லை, நீர்பாய்ச்சி தூங்கிவிடுகிறார், மடை திறந்துகொள்கிறது. இது ஸ்லோவிட்டர் கதை. அழகான கதை. 2000-ல் சாந்தகுமாரும் சகாக்களும் இதற்கு எதிர்க்கதை ஒன்றை வைத்தார்கள்: பிரச்சினை செத்த மாஸி செல்களால் வருவதில்லை, பிழைத்துக் கிடக்கும் மாஸி செல்களால் வருகிறது. அடி வாங்கிப் பிழைத்தவை எரிச்சலடைந்து, சின்னத் தூண்டலுக்கும் கிரானுல் செல்களைப் போட்டு உலுக்குகின்றன. 'எரிச்சலுற்ற மாஸி செல்' என்றே பேர் வைத்தார்கள். 2004-ல் இன்னொரு படி போய், மூளைத் துண்டில் மாஸி செல்களைப் பிடித்து நீக்கிப் பார்த்தார்கள். ஸ்லோவிட்டர் கணக்குப்படி கிரானுல் செல்கள் துள்ள வேண்டும். துள்ளவில்லை, அடங்கின.

எனக்கு இந்தக் கட்டம் ரொம்பப் பிடிக்கும். ப்ரொடக்ஷனில் ஒரு சர்வர் விழுந்து எல்லாம் தாறுமாறாகப் போனால், விழுந்த சர்வரைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். பாதி உயிரோடு இருந்துகொண்டு தப்பான பதிலை அனுப்பிக்கொண்டிருக்கும் சர்வரை யாரும் பார்ப்பதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைக் கொல்வது இரண்டாவது வகைதான்.

அடுத்தது 2005. என்னைப் போன்றவர்களுக்கென்றே எழுதப்பட்ட கட்டுரை. அடிபட்ட டென்டேட்டில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நடக்கின்றன. மாஸி செல் சாகிறது. கூடவே கிரானுல் செல்லின் ஆக்ஸான்கள் புதிதாகக் கிளைவிட்டு, தங்கள் இனத்துக் கிரானுல் செல்களையே போய்த் தொடுகின்றன. மாஸி ஃபைபர் முளைத்தல் என்பார்கள். பேர்க் குழப்பத்தை மன்னிக்கவும், மாஸி ஃபைபர் கிரானுல் செல்லுடையது, மாஸி செல் வேறு. எது வலிப்புக்குக் காரணம், சாவா முளைப்பா? உயிருள்ள திசுவில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது ஏறத்தாழ முடியாத காரியம். ஆகவே கணினியில் ஒரு டென்டேட்டைக் கட்டினார்கள். 500 கிரானுல் செல், 15 மாஸி செல், 6 பாஸ்கெட் செல், 6 ஹிப் செல். மொத்தம் 527.

வந்த முடிவு: பைலோகார்பின் கொடுத்த எலியில் பார்க்கும் கடும் முளைப்பில் வெறும் 10 முதல் 15 சதவீதம் இருந்தாலே, ஓரிடத்தில் கொடுத்த தூண்டல் வலிப்பு மாதிரிப் பக்கத்துக்குப் பரவுகிறது. மாஸி செல்லை நீக்கினால் துடிப்பு குறைகிறது. முளைத்த கிளைகள் எட்டிப் போகாமல் பக்கத்திலேயே இணைவதுதான் தீ அணையாமல் இருக்கக் காரணம். நடுத்தரத் தலைக்காயத்தில் முளைப்பு கொஞ்சமே இருந்தாலும் அது போதும் என்பது கட்டுரையின் வாதம்.

இந்த மாடலின் நிரல் மாடல்டிபியில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நியூரான் என்ற மென்பொருளில் ஹாக் மொழியில் எழுதியது. 2005-ல் நிரலைப் பொதுவில் வைப்பது எல்லோரும் செய்த வேலை இல்லை, அதற்காகவே ஒரு கும்பிடு. என் பழைய லேப்டாப்பில் ஓடியது. முளைப்பைச் சுழியமாக வைத்தால் ஒரு பகுதி மட்டும் துடித்து ஓய்கிறது. கொஞ்சம் கூட்டினால் துடிப்பு வளையம் முழுக்க அலையாகச் சுற்றுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சித்தி மகன் விழுந்து கிடந்தபோது இதுதான் நடந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றுவதுதான் மாடல்களின் ஆபத்து.

இங்கே என் சண்டையை ஆரம்பிக்கிறேன். இரண்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் பாஸ்கெட் செல் ஆறுதான் மிஞ்சும். ஆறு பேரில் ஒருவரைக் கொன்றால் ஒரேயடியாக 17 சதவீதம் போய்விடுகிறது. பத்தாயிரம் பேரில் மெல்ல மெல்லக் குறைவதை இந்த மாடலில் பார்க்கவே வழியில்லை. அதோடு, தடுப்பு செல்லில் இரண்டே வகைதான் இதில் உண்டு. உண்மையான டென்டேட்டில் ஆக்ஸானின் தொடக்கத்தில் போய்க் கடிக்கிற வகை, டென்ட்ரைட்டின் நுனியில் உட்காருகிற வகை என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். செல்கள் எல்லாம் தூண்டும்வரை ஊமையாக இருக்கும், ஒரே ஒரு அடி கொடுத்துப் பார்ப்பார்கள். உயிருள்ள மூளை ஒரு கணம்கூட ஊமையாக இருப்பதில்லை. இவற்றில் சில அவர்களுக்கே தெரிந்தவைதான். 2007-ல் யோனாஸ் டைர்ஃபெல்ட்-யோன்சனோடு சேர்ந்து ஐம்பதாயிரம் செல்லுக்கு மேல் கொண்ட மாடல் ஒன்றைக் கட்டியதே அளவைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கத்தான். அது சரி. ஆனால் அளவு கூடியதே தவிர, செல் வகைகளில் இருந்த வறுமை இயங்கும் மாடலில் அப்படியே தொடர்ந்தது.

பெரிய அடி வெளியில் இருந்து வந்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் பால் பக்மாஸ்டர், ராப்பமைசின் கொடுத்துச் சுண்டெலியில் மாஸி ஃபைபர் முளைப்பை அடக்கினார். முளைப்பு குறைந்தது, வலிப்பின் எண்ணிக்கை குறையவில்லை. 2005 மாடல் முளைப்பைத்தான் முக்கியக் குற்றவாளி என்றது. அந்தக் குற்றவாளியை உள்ளே தள்ளியும் திருட்டு நிற்கவில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், 2009-ல் கைனேட் கொடுத்த எலிகளில் வேறொரு குழு அதே மருந்தைக் கொடுத்தபோது இரண்டுமே குறைந்தன. ஆக வழக்கு முடியவில்லை. ஆனால் 'முளைப்பு இருந்தால் போதும்' என்பதற்கும் 'முளைப்பு இல்லாமல் வராது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாடலால் சொல்ல முடியாது. முதலாவதைத்தான் அது காட்டியது. அதை மேற்கோள் காட்டிய பலரும் இரண்டாவதாகவே படித்தார்கள் என்பது என் சந்தேகம்.

எரிச்சலுற்ற மாஸி செல்லுக்கும் இதே கதி. 2018-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை. வலிப்புள்ள சுண்டெலியில் ஒளியால் மாஸி செல்லைத் தூண்டினால் வலிப்பு உடல் முழுக்கப் பரவாமல் அடங்குகிறது, மாஸி செல்லை அடக்கினால் மோசமாகிறது. அதாவது மாஸி செல் நல்லவர். செய்தது யார்? ஸ்டான்ஃபோர்டுக்குப் போயிருந்த அதே சொல்தேஸின் ஆய்வகம்! தன் ஆய்வகத்துப் பழைய கருதுகோளுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம். மூளைத் துண்டில், அடிபட்ட ஒரு வாரத்துக்குள் பார்த்ததையும் உயிருள்ள எலியில் நாள்பட்ட வலிப்பில் பார்த்ததையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது என்று வாதிடலாம். வாதிடட்டும். 2000-ல் வைத்த பெயர் இன்று அப்படியே நிற்காது.

இதுவரை படித்தால் நான் ஏதோ குறை சொல்ல மட்டும் வந்தவன் போலத் தெரியும். அவருடைய சிறந்த வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது என்பது என் கணிப்பு. நடுவில் தாமஸ் ஓட்டிஸின் ஆய்வகத்தில் செரிபெல்லத்தைப் பார்த்தார். அங்கே கற்றது டானிக் தடுப்பு. சாதாரணத் தடுப்பு சினாப்ஸில் தட்டித் தட்டி வரும். டானிக் என்பது செல்லைச் சுற்றிக் கசிந்து கிடக்கும் காபாவால் எப்போதும் இருக்கும் மெல்லிய அழுத்தம். மடைப் பலகையின் இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் அப்புவார்களே, அந்த மாதிரி. பிறகு நியூ ஜெர்சியில் தனி ஆய்வகம், அங்கிருந்து ரிவர்சைட்.

நியூ ஜெர்சியில் இருந்து 2012-ல் வந்தது அரைநிலவு கிரானுல் செல் பற்றிய கட்டுரை. காஹால் காலத்திலேயே வரைந்து வைத்த செல், பின்னால் வந்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தலைக்காயம் பட்ட ஒரு வாரத்தில் சாதாரணக் கிரானுல் செல்லில் டானிக் தடுப்பு கூடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் அரைநிலவுச் செல்லில் குறைகிறது. ஒரே காயம், ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு, எதிர் எதிர் விளைவு. 'வலிப்பில் தடுப்பு குறைகிறது' என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்வதை இந்தக் கட்டுரை உடைத்துப் போட்டது. எந்தச் செல்லில், எந்த வகைத் தடுப்பு, எந்த நாளில் என்று கேட்காமல் இனி பேச முடியாது.

2013 கட்டுரை இன்னும் ஒரு திருகு. நீர்பாய்ச்சியையே தடுப்பது யார்? பாஸ்கெட் செல்லின் மேலும் டானிக் காபா மின்னோட்டம் உண்டு என்று காட்டினார்கள். கடும் வலிப்புக்கு ஒரு வாரம் கழித்து அது கூடுகிறது. கூடவே அந்தச் செல்லுக்குள் காபாவின் திசையும் மாறுகிறது: குளோரைடு சமநிலை நகர்ந்து, அடக்க வேண்டிய காபா செல்லைக் கிளறுகிற பக்கம் சாய்கிறது. நம்ம மொழியில் இது நாட் மேல் நாட், அதுவும் உள்ளே இருக்கும் நாட் சில சமயம் நாட்டாகவே வேலை செய்வதில்லை. இப்படிப்பட்ட சர்க்யூட்டில் 'காபாவைக் கூட்டும் மருந்து' என்று பொத்தாம்பொதுவாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிரானுல் செல்லும் அடங்கும், அதை அடக்குகிற செல்லும் அடங்கும். மொத்தக் கணக்கு கூட்டலா கழித்தலா என்பது செல்லுக்குச் செல் உள்ள அளவைப் பொறுத்தது. இந்த மாதிரி இடத்தில்தான் மாடல் உண்மையில் தேவை. அவர்களும் பாஸ்கெட் செல் வலையமைப்பு ஒன்றைக் கட்டி காமா அலைகளை ஆராய்ந்தார்கள். 527 செல் மாடலைவிடச் சின்னக் கேள்வி, ஆனால் மாடல் தாங்கக்கூடிய கேள்வி.

அப்புறம் தடம் மாறுகிறது. அடி பட்டால் மூளையில் அழற்சி. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டோல் போன்ற ஏற்பி-4 நியூரானிலேயே வேலை செய்து, குளூட்டமேட் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. 2020-ல் ஆனல்ஸ் ஆஃப் நியூராலஜியில் வந்த கட்டுரையில், காயத்துக்குப் பின் சீக்கிரமே இந்த ஏற்பியைத் தடுத்தால் எலிகளில் பின்னால் வலிப்புக்கு உள்ளாகும் தன்மை குறைகிறது என்றார்கள். சித்தி கேட்ட மாத்திரைக்கு இந்த இருபது வருடத்தில் வந்த மிக நெருங்கிய பதில் இது.

உடனே யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். அதே ஆய்வகத்தின் 2015 கட்டுரையில் ஒரு சங்கடமான முடிவு இருக்கிறது. அடிபடாத எலியில் அதே ஏற்பியைத் தடுத்தால் டென்டேட்டின் துடிப்பு கூடுகிறது. அடிபட்டவனுக்கு மருந்து, அடிபடாதவனுக்குக் கேடு. அப்படியென்றால் மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆயிரம் பேரில் யாருக்குக் கொடுப்பது? மின்னசோட்டாவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், லேசான காயத்தில் முப்பது வருடத்துக்குள் வலிப்பு வருவது 2.1 சதவீதம், நடுத்தரத்தில் 4.2, கடுமையில் 16.7. கடும் காயத்திலேயே ஆறில் ஐந்து பேருக்கு வராது. வரப்போகிறவரை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்க எந்த டாக்டருக்குத் தைரியம் வரும்? இந்தத் தேர்வுப் பிரச்சினைதான் அவர் வேலையில் எனக்குத் தெரியும் பெரிய ஓட்டை. அந்த ஆய்வகம் சர்க்யூட்டை அபாரமாகப் படிக்கிறது. ஆனால் ஒரே அளவு காயம் பட்ட இரண்டு எலிகளில் ஒன்றுக்கு வலிப்பு வந்து மற்றதற்கு வராமல் போவது ஏன் என்பது பெரும்பாலும் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சராசரி வேண்டாம், சிதறல் வேண்டும். ஊரில் அதே ரோட்டில் அதே மாதிரி விழுந்த இன்னொரு பையன் இன்று மில்லில் ஷிப்ட் போகிறான், ஒன்றும் இல்லை.

இன்னொரு மனக்குறை, காயத்தின் வகை. எலியின் மண்டையோட்டில் துளை போட்டு, மூளையின் மேலுறையில் அளந்த அழுத்தத்தோடு திரவத்தால் ஒரு தட்டு தட்டுவார்கள். ஊசல் விழும் உயரத்தை வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆய்வுக்கு அருமையான முறை, ஒவ்வொரு எலிக்கும் ஒரே அடி. ஆரம்பக் கட்டுரைகளில் எலிகளும் பெரும்பாலும் இளம் ஆண் எலிகள். தார் ரோட்டில் தலை சுழன்று மோதுகிற அடி இப்படி இருக்காது. இதை அவருடைய தப்பு என்று சொல்ல மாட்டேன், களம் முழுக்க இப்படித்தான். ஆனால் அந்த எலியில் இருந்து நரிக்குடி ரோட்டுக்கு வரும் தூரத்தைக் கட்டுரையின் கடைசிப் பத்தி எப்போதும் ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது.

சித்தியின் கேள்விக்கு நேரடியான பதில் 1990-லேயே இருக்கிறது. நான்சி டெம்கின் குழு கடும் தலைக்காயம் பட்டவர்களுக்கு உடனே பீனிட்டாயின் கொடுத்துப் பார்த்தது. முதல் வாரத்து வலிப்புகள் குறைந்தன. அதன் பிறகு வருகிற வலிப்பு குறையவில்லை. அப்படித் தடுக்கும் மருந்து ஒன்று இன்றைக்கும் கைக்கு வரவில்லை.

போன பொங்கலுக்குப் போனபோது இதைச் சித்தியிடம் சொன்னேன். "இல்ல சித்தி, அப்படி ஒரு மாத்திரை அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. இப்பதான் எலிக்குக் குடுத்துப் பார்க்குறாங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அப்ப நாம எதையும் விட்டுறல" என்றார். இத்தனை வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது மருந்தைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் இப்போது மாத்திரை விடாமல் போடுகிறான், பதினான்கு மாதமாக வரவில்லை. பைக் சாவி மட்டும் இன்னும் சித்தியிடம்தான் இருக்கிறது.

527 செல் மாடலில் பாஸ்கெட் செல் ஒவ்வொன்றுக்கும் 2013 கட்டுரையில் சொல்லும் டானிக் மின்னோட்டத்தைச் சேர்த்து, முளைப்பை 10 சதவீதத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். செல்களுக்குச் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் இரைச்சல் கொடுத்திருக்கிறேன். இதுவரை மூன்று முறை பாதியில் வெடித்துவிட்டது, தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். ஒழுங்காக ஓடினால் வரைபடத்தோடு எழுதுகிறேன்.